அரசுப் பள்ளிக்குப் போகும் பணம் பிள்ளைகளின் படிப்பாக மாற வேண்டுமானால்: செட்டிநாட்டுப் பெற்றோருக்கும் கொடையாளர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு பள்ளிக் கல்விக்கு ஒதுக்கிய தொகை 46,767 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டு 44,042 கோடி. இதற்கு மேல், செட்டிநாட்டில் ஊருக்கு ஊர் முன்னாள் மாணவர்கள் தருவது தனி. சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்து, தான் படித்த பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தலைமையாசிரியர் அறையில் உட்காருகிறவர்களை இந்தப் பக்கம் எல்லாரும் பார்த்திருப்போம்.

இவ்வளவு பணமும் நல்ல மனதும் இருந்தும், நான்காம் வகுப்புப் பிள்ளை ஒரு சின்னக் கதையைத் தடங்கலில்லாமல் வாசிக்கிறதா என்று பார்த்தால் மனசு கனத்துப்போகிறது. காரைக்குடியைச் சுற்றிய ஒரு ஊரில் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: எதை வாங்குவது என்று கேட்பதற்கு முன்னால், எந்தப் பிள்ளைக்கு எது தெரியவில்லை என்று கேட்க வேண்டும். செலவு அதற்குப் பிறகுதான். கீழே உள்ள வரிசையும் அதே கணக்கில்தான் இருக்கிறது.

1. முதலில் உங்கள் அதிகாரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 21-ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு வேண்டும். உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது இந்தக் குழுவின் வேலை என்று சட்டமே சொல்கிறது. 22-ஆம் பிரிவு பள்ளி வளர்ச்சித் திட்டம் போடும் பொறுப்பையும் இவர்களிடமே கொடுக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் மட்டும் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் உரிமைதான் உண்டு.

நம் குழுக்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. கையெழுத்துப் போட ஒரு நாள் கூப்பிடுவார்கள், டீ குடித்துவிட்டு வருவோம் என்ற அளவில் நின்றுவிடுகிறது. ஆத்தங்குடிக் கல் பட்டறைக்கும் கட்டட வேலைக்கும் போகிற அம்மாக்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் கூட்டத்துக்கு வருகிறார்கள். அவர்களை உட்கார வைத்துவிட்டு, ஏற்கெனவே எழுதி வைத்த தீர்மானத்தை நீட்டுவது அநியாயம். தீர்மானத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். விளங்காவிட்டால் இன்னொரு தரம்.

2. வரவு எவ்வளவு என்று எழுதுங்கள்

ஒரு நோட்டு போதும். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. வரவில் முதலில் வருவது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின், அதாவது சமக்ர சிக்ஷாவின், பள்ளி மானியம். அந்தத் திட்ட நெறிமுறைப்படி 31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய். 101 முதல் 250 வரை என்றால் 50,000. இதில் பத்தில் ஒரு பங்காவது சுகாதாரத்துக்குப் போக வேண்டும். நூலகத்துக்கும் விளையாட்டுக்கும் தனித்தனியே சிறு தொகைகள் உண்டு.

இந்தத் திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. தேர்ந்தெடுத்த பள்ளிகளை மாதிரிப் பள்ளிகளாக மாற்றும் ஒன்றிய அரசுத் திட்டமான பி.எம். ஸ்ரீயின் ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் 2024-25-இல் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. டெல்லியும் சென்னையும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்தான். ஆனால் இழுபறியின் பலனை அனுபவிப்பது நம் பிள்ளைகள். அதனால் மானியம் ஜூனில் வந்தால் என்ன செய்வது, பிப்ரவரியில் வந்தால் என்ன செய்வது என்று இரண்டு கணக்கு போட்டு வையுங்கள். கடைசி நேரத்தில் வரும் பணம் கடைசி நேரத்தில் கிடைக்கும் பொருளுக்குத்தான் போகும். மார்ச் மாதத்தில் அவசர அவசரமாக வாங்கிய பொருட்கள் அடுத்த ஜூனிலும் பிரிக்காமல் கிடப்பது இப்படித்தான்.

வரவில் எழுத மறந்துவிடுகிற பெரிய தொகை ஒன்று இருக்கிறது: ஆசிரியர் சம்பளம். அரசு ஒதுக்கும் கோடிகளில் பெரும்பகுதி அதுதான். உங்கள் பள்ளி ஆசிரியர்களின் ஒரு மாதச் சம்பளத்துக்குப் பக்கத்தில் இந்த 25,000 மிகச் சின்னத் தொகை. ஆகவே அரசு ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியிருக்கும் கற்பித்தல் நேரம் வீணாகாமல் பார்த்துக்கொள்வதுதான் குழு செய்யக்கூடிய மிகப் பெரிய சிக்கனம். இதைப் பற்றி ஐந்தாவது படியில் சொல்கிறேன்.

3. பிள்ளைகளை வாசிக்க வைத்துப் பாருங்கள்

மொத்தத்திலும் முக்கியமான படி இதுதான். அவசரப்படாமல் செய்யுங்கள். தலைமையாசிரியரின் ஒப்புதலோடும், முடிந்தால் ஆசிரியர்களையும் கூட வைத்துக்கொண்டும் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் சோதனை போட வந்திருக்கிறார்கள் என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்க 2005 முதல் நாடு முழுவதும் நடக்கும் அசர் ஆய்வில் பயன்படுத்தும் முறை எளிமையானது. ஒரு தாளில் நான்கு கட்டம்: தனி எழுத்துகள், சின்னச் சொற்கள், ஒன்றாம் வகுப்பு அளவில் நாலு வரி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு குட்டிக் கதை. கணக்கில் 1 முதல் 9 வரை எண் அடையாளம், 10 முதல் 99 வரை எண் அடையாளம், கடன் வாங்கிக் கழித்தல், மூன்று இலக்க எண்ணை ஒற்றை இலக்கத்தால் வகுத்தல். ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். திண்ணையிலோ மரத்தடியிலோ தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். மற்ற பிள்ளைகள் முன்னால் கேட்கக் கூடாது.

பாடப்புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லாதீர்கள். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் தமிழ்ப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை ராகம் போட்டு மளமளவென்று ஒப்பித்தான். விரல் ஒரு வரியில், வாய் வேறொரு வரியில். அதே பக்கத்தில் இருந்த ‘பட்டம்’ என்ற சொல்லைத் தனி அட்டையில் எழுதிக் காட்டினால் ‘படம்’ என்கிறான். ‘கொக்கு’ என்பது ‘கெகு’ ஆகிறது. அப்படியென்றால் அவனுக்கு எழுத்துகள் தெரிகின்றன. சொல்லின் நடுவில் வரும் புள்ளி வைத்த மெய்யெழுத்து மட்டும் கண்ணில் படவில்லை, ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்து வந்தால் காலை விட்டுவிடுகிறான். இது தெரிந்துவிட்டால் ஆசிரியருக்கு வேலை பாதி முடிந்தது. அவனுக்கு வேண்டியது ஒற்றுச் சொற்களில் சில வாரப் பயிற்சி. நான்காம் வகுப்புப் பாடத்தை இன்னொரு தரம் நடத்துவதால் அவனுக்கு ஒரு பயனும் இல்லை.

கணக்கிலும் இப்படியே. 46-லிருந்து 29 போனால் எவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள். 23 என்று பதில் வந்தால், ஒன்றின் இடத்தில் 6-லிருந்து 9-ஐக் கழிக்காமல், பெரிய இலக்கமான 9-லிருந்து 6-ஐக் கழித்துவிட்டது பிள்ளை. கடன் வாங்குவது பிடிபடவில்லை. கைவிரலை எண்ணிக்கொண்டு வெகுநேரம் கழித்து 17 என்று சொன்னால் அது வேறு நிலை.

எல்லாவற்றையும் வகுப்புவாரியாக எழுதாமல் நிலைவாரியாக எழுதுங்கள். தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் வர, தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பது இதே யோசனையில்தான். ஆசிரியரிடம் அந்தப் பதிவு இருக்கும். உங்கள் பட்டியலும் அதுவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் சண்டை வேண்டாம், வித்தியாசம் வந்த பிள்ளைகளை மட்டும் சேர்ந்து இன்னொரு முறை கேளுங்கள்.

4. எந்தச் செலவு படிப்பைக் கூட்டும், எது கூட்டாது

இது பற்றி உலகம் முழுக்க நிறையச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நமக்கு உதவக்கூடிய சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

இந்தோனேசியாவில் தகுதிச் சான்று பெற்ற ஆசிரியர்களின் அடிப்படைச் சம்பளத்தை இரட்டிப்பாக்கினார்கள். ஆசிரியர்களுக்கு மனநிறைவு கூடியது. இரண்டு மூன்று ஆண்டு கழித்துச் சோதித்தபோது பிள்ளைகளின் படிப்பில் மாற்றம் இல்லை. கென்யாவில் இலவசப் பாடநூல் கொடுத்துப் பார்த்தபோது, ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகளுக்கு மட்டும் அது பயன்பட்டது. மற்றவர்களால் அதை வாசிக்கவே முடியவில்லை. ஆந்திரத்தில் பள்ளிகளுக்கு மானியம் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் ஆண்டு எதிர்பாராமல் வந்தபோது மதிப்பெண் கூடியது. அடுத்த ஆண்டு வரும் என்று தெரிந்தவுடன் பெற்றோர் தங்கள் கைச்செலவைக் குறைத்துக்கொண்டார்கள், பலனும் மறைந்தது.

இந்தக் கடைசிச் செய்தி நமக்கு நேராகப் பொருந்தும். தமிழ்நாட்டில் புத்தகம், நோட்டு, சீருடை, பை எல்லாம் அரசே தருகிறது. அதற்கு மேல் ஒரு கொடையாளர் 60 பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கிக் கொடுத்தால், ஏற்கெனவே இருப்பதைத்தான் திரும்பக் கொடுக்கிறார். பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள், உண்மைதான். வாசிப்பு அப்படியே இருக்கும்.

பலன் தந்தது எது? இரண்டைச் சொல்கிறேன், இரண்டும் தமிழ்நாட்டிலேயே நடந்தவை. அங்கன்வாடியில் கூடுதலாக அரை நாள் பணியாளர் ஒருவரைப் போட்டுப் பார்த்தார்கள். கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது; மொழியிலும் கணக்கிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள்; ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது. இரண்டாவது, 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி. தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய், மாலையில் ஒன்றரை மணி நேரம் போல வகுப்பு. ஊர்ப்புறத்தில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைச் சோதித்த ஆய்வு ஒன்று, கொரோனாவில் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டது என்றும், அதில் கால் பங்கு அளவுக்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் கண்டது.

இரண்டிலும் பொதுவாக இருப்பது, பிள்ளையோடு உட்காரும் ஒரு ஆளும் பிள்ளையின் நிலைக்கேற்ற பாடமும்தான். கட்டடமோ கருவியோ வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒழுகும் கூரையையும் தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறையையும் முதலில் சரிசெய்தே ஆக வேண்டும். வயதுக்கு வந்த பெண் பிள்ளை மாதத்தில் சில நாள் வராமல் போவதற்கு அந்தத் தாழ்ப்பாளே காரணமாக இருக்கலாம். அதற்குப் பிறகு வரும் ரூபாய் ஒவ்வொன்றும் இந்த ஆளையும் நேரத்தையும் தேடிப் போக வேண்டும்.

5. கற்பித்தல் நேரத்தைக் காப்பாற்றுங்கள்

தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் கற்பித்தல் என்று சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. அதாவது நாளுக்கு நான்கு மணி நேரம். உங்கள் பள்ளியில் அது நடக்கிறதா?

ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் வட்டார வள மையத்துக்குப் பயிற்சிக்குப் போனால், மற்றவர் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். அன்றைக்கே, பள்ளி விவரங்களைப் பதியும் அரசின் எமிஸ் தளத்தில் ஏதாவது விவரம் பதியச் சொல்லித் தகவல் வந்துவிட்டால் அந்த நாள் போச்சு. இதில் ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களும் அலுத்துக்கொள்வதை நேரில் கேட்டிருக்கிறேன். குழு செய்யக்கூடியது இதுதான்: ஒரு மாதத்துக்கு, எந்த நாளில் எந்தக் காரணத்தால் வகுப்பு நின்றது என்று எழுதி வையுங்கள். பதிவு வேலைக்கு ஊரில் படித்த பிள்ளை ஒருவர் உதவலாமா என்று கேளுங்கள். இரண்டு பேரையும் ஒரே நாளில் வெளியே அனுப்ப வேண்டாம் என்று வட்டாரக் கல்வி அலுவலருக்குக் குழுத் தீர்மானத்தோடு கடிதம் கொடுங்கள்.

நம் பக்கத் தவறும் உண்டு. சிறாவயல் மஞ்சுவிரட்டு, அதைத் தொடர்ந்து பக்கத்து ஊர் மஞ்சுவிரட்டு என்று, பொங்கல் விடுமுறை முடிந்தும் பிள்ளைகள் பல நாள் பள்ளிப் பக்கம் வருவதில்லை. மாசிச் சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோவிலுக்குப் போனால் மூன்று நாள். சாமி கும்பிட வேண்டாம் என்று யார் சொல்வார்? ஒரு நாள் போதும் இடத்தில் ஒரு நாளோடு திரும்பினால், வருடத்துக்கு எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்பதைக் குழுக் கூட்டத்தில் கணக்குப் போட்டே காட்டலாம்.

இத்தோடு தினமும் ஒரு மணி நேரத்தை வாசிப்புக்கும் கணக்குக்கும் தனியாக ஒதுக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் வகுப்பு என்ற பிரிவை விட்டுவிட்டு, மூன்றாவது படியில் எழுதிய நிலைப்படி பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல் நிலையில் இருந்தால் சொல் குழுவில்தான். கூச்சம் வரத்தான் செய்யும். குழுக்களுக்குப் பூப்பெயரோ பறவைப் பெயரோ வைத்து, சில வாரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருந்தால் அது கரைந்துவிடும்.

6. 25,000 ரூபாயை எப்படிப் பிரிக்கலாம்

62 பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். சுகாதாரத்துக்கு 2,500. குழாய், தாழ்ப்பாள், மின்விசிறி பழுது பார்க்க 7,000. சாக்பீஸ், பதிவேடு, தாள் 5,000. பெரிய எழுத்துக் கதைப்புத்தகம், சொல் அட்டை, பத்து பத்தாகக் கட்டிய எண் குச்சிகள் 7,500. சோதனைத் தாள் நகலெடுக்க 1,000. கையிருப்பு 2,000. உங்கள் ஊர் விலைக்கும் தேவைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் வாசிப்புக்கான வரியைக் கடைசியாக மிஞ்சியதில் போடாதீர்கள்.

சுவரில் வண்ணம் அடிப்பதற்கு முழுத் தொகையும் போய்விடுகிற பள்ளிகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அடிப்பதென்றால், பிள்ளை கைக்கு எட்டும் உயரத்தில் உயிர்மெய் அட்டவணையையும் நூறு வரை எண்களையும் எழுத வைத்துவிடுங்கள். கூலி ஒன்றுதான்.

இந்த மானியத்திலிருந்து யாருக்கும் சம்பளம் கொடுக்க முடியாது. ஆளுக்கான பணம் வேறு இடத்திலிருந்து வர வேண்டும்.

7. கொடையாளர்களிடம் என்ன கேட்பது

கல்விக்குக் கொடுப்பது செட்டிநாட்டுக்குப் புதிதில்லை. கானாடுகாத்தானைச் சேர்ந்த ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவினார். அழகப்ப செட்டியார் 1947-இல் காரைக்குடியில் கலைக் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார். 1950-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் தொடங்கினார். பாடம் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும் என்று அவர் அன்றைக்கே யோசித்ததை நாம் கொஞ்சம் மறந்துவிட்டோம்.

இன்றைக்கு வரும் கொடை பெரும்பாலும் நுழைவாயில் வளைவு, கலையரங்கம், கல்வெட்டு என்று நின்றுவிடுகிறது. கொடுப்பவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவரிடம் நாம் கேட்டது அதைத்தானே. வேறு மாதிரிக் கேட்டுப் பாருங்கள்.

நம் கோவில்களில் கட்டளை வைப்பது எல்லாருக்கும் தெரியும். ஒரு குடும்பம் ஒரு தொகையைப் போட்டு வைத்தால் அதன் வட்டியில் குறிப்பிட்ட பூசை ஆண்டாண்டுக்கும் நடக்கும். அதே ஏற்பாட்டைப் பள்ளிக்குச் செய்யலாம். வளைவுக்கு என்று ஒருவர் 3 லட்சம் தர நினைத்தால், அதை வங்கியில் வைப்பாகப் போடச் சொல்லுங்கள். 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 21,000 ரூபாய். ஊரிலேயே இருக்கும் படித்த பெண் ஒருவருக்கு மாதம் 2,000 வீதம் பத்து மாதம் கொடுத்து, தினமும் மாலை ஒரு மணி நேரம் வாசிப்பு வகுப்பு நடத்த அது போதும். மிச்சம் 1,000 ரூபாய்க்குக் கதைப்புத்தகம். அசல் அப்படியே இருக்கும். தந்தவரின் அப்பச்சி பெயரிலோ ஆத்தா பெயரிலோ அந்த வகுப்பை நடத்தலாம்.

பணம் தனிமனிதர் கணக்கில் வரவே கூடாது. பதிவு செய்த பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் பெயரிலோ முன்னாள் மாணவர் சங்கத்தின் பெயரிலோ, இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும் என்ற ஏற்பாட்டோடு இருக்கட்டும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் நிறுவனங்களுக்கும் 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ வழி இருக்கிறது. எந்தப் பள்ளிக்கு எந்தத் தேவைக்கு என்று குறிப்பிட்டே கொடுக்கலாம்.

தன்னார்வலரைத் தேர்ந்தெடுப்பதில் சிபாரிசு பார்க்காதீர்கள். பிள்ளைகளிடம் கோபப்படாதவரா, தினமும் வரக்கூடியவரா, அந்தச் சோதனைத் தாளைப் பிழையில்லாமல் நடத்தத் தெரிந்தவரா? இந்த மூன்றும் இருந்தால் பட்டம்கூடத் தேவையில்லை.

8. மேலே கேட்க வேண்டியதை மேலே கேளுங்கள்

ஊர்ப் பணத்தை வைத்து அரசின் கடமையை நிரப்பிவிடக் கூடாது. சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று. அப்படிப் பார்த்தால் மேலே சொன்ன 62 பிள்ளைகள் பள்ளிக்கு மூன்றாவது ஆசிரியர் உரிமை. இரண்டு பேர்தான் இருக்கிறார்கள் என்றால் குழுத் தீர்மானம் போட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் அனுப்புங்கள். பதில் இல்லையா, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தின் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். காரைக்குடி, தேவகோட்டை, கல்லல் பக்கம் என்றால் சிவகங்கைக்கும், திருமயம், அரிமளம் பக்கம் என்றால் புதுக்கோட்டைக்கும் போக வேண்டும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சுற்றுச்சுவர், குடிநீர், பாதை போன்றவற்றை அங்கே தீர்மானமாக்கினால் பள்ளி மானியத்தைத் தொட வேண்டியதில்லை. அங்கன்வாடிப் பணியிடம் காலியாக இருந்தால் அதையும் அங்கே எழுப்புங்கள். ஒன்றாம் வகுப்பில் தெரியும் வித்தியாசம் அங்கன்வாடியில்தான் தொடங்குகிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். சொந்தப் பள்ளிக் கணக்கைப் பார்க்க உறுப்பினருக்கு அது தேவையில்லை, கூட்டத்திலேயே கேட்கலாம். ஒதுக்கீடு எப்போது விடுவிக்கப்பட்டது, பணியிடம் எத்தனை காலி என்பது போன்ற மேல்மட்ட விவரத்துக்குத்தான் அது உதவும்.

9. திரும்பவும் சோதியுங்கள்

ஜூலையில் ஒரு முறை, அரையாண்டுத் தேர்வுக்கு முன் ஒரு முறை, மார்ச்சில் ஒரு முறை. அதே முறை, ஆனால் வேறு கதை, வேறு எண்கள். எழுத்து நிலையிலிருந்து சொல்லுக்கு எத்தனை பேர், சொல்லிலிருந்து வரிக்கு எத்தனை பேர் நகர்ந்தார்கள் என்பதை மட்டும் பார்த்தால் போதும். நோட்டில் செலவுப் பக்கத்துக்கு எதிரிலேயே இதை எழுதுங்கள். எந்தச் செலவுக்கு அசைவே இல்லையோ, அடுத்த ஆண்டு அதைக் குறையுங்கள், அது நீங்களே முன்மொழிந்த செலவாக இருந்தாலும் சரி. அறிவிப்புப் பலகையில் மொத்த எண்ணிக்கையை மட்டும் ஒட்டுங்கள். பிள்ளைகளின் பெயரை ஒட்டவே கூடாது. பெற்றோரிடம் தனியாகச் சொல்லலாம்.

பள்ளி வளர்ச்சித் திட்டம் மூன்று ஆண்டுக்கானது, ஆண்டுக்கொரு துணைத் திட்டத்தோடு. மேலாண்மைக் குழுவோ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாறிவிடும். ஆகவே புதுக் குழு பொறுப்பேற்கும் கூட்டத்தில் வரவு செலவு நோட்டு, மூன்று சோதனைகளின் தாள்கள், கட்டளை வைப்பின் வங்கிச் சான்று, அனுப்பிய மனுக்களின் ரசீதுகள் நான்கையும் தீர்மானத்தில் குறிப்பிட்டு ஒப்படையுங்கள். ஒரு நகலைத் தலைமையாசிரியரும், இன்னொன்றைக் கழகப் பொருளாளரும் வைத்திருக்கட்டும்.